அரைக் கட்டை கீழே

மச்சான்,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் படத்திறப்பன்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கை என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்படி ஒன்றுமில்லை. எரிச்சல்தான். மேடை ஏறியவர்களில் ஒருவன்கூட உன்னைப் பற்றி நிஜத்தைச் சொல்லவில்லை. நீ யார் மனதையும் நோகடித்ததே இல்லையாம். நம் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்த பாபுவே அதைச் சொன்னான். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

இன்று காலை விடைத்தாள் திருத்தும் வேலைக்காகச் சிதம்பரம் பஸ் ஏறினேன். தனியார் பஸ். ஆலப்பாக்கம் தாண்டியதும் டிரைவர் பென் டிரைவை எடுத்து ஊதிச் செருகினார். இரண்டு பாட்டு போனது. மூன்றாவதாக அந்தப் பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று நான் எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். பல்லவி தொடங்கிய உடனேயே எனக்கு ஏதோ தப்பாகப் பட்டது. பாட்டின் சுருதி இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே நின்றது. பதிவு செய்யும்போது வேகம் கூடிப்போயிருக்கும் என்று நினைத்துக் கண்டக்டரைக் கேட்டே விட்டேன்.

"தம்பி, பாட்டு ஃபாஸ்ட்டா ஓடுதா?"

"பாட்டெல்லாம் கரெக்டாத்தான் ஓடுது சார். பஸ்ஸுதான் ஸ்லோ. முட்லூர்ல ஆள் ஏத்தணும்ல."

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் மடியில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் உதட்டை மட்டும் அசைத்துப் பாட்டோடு போய்க்கொண்டிருந்தார். யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. பாட்டு அது பிறந்த இடத்தில்தான் இருந்தது. இடம் மாறியது என் காது. வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தக் காதை மாற்றியவன் நீ. எப்படி மாற்றினாய் என்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது போலிருந்தது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

முதலில் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நான் மறப்பவன் இல்லை என்று உனக்குத் தெரியும். துறைத்தலைவர் பதவியை எனக்குத் தராமல் தட்டிப் பறித்தவனுடன் இன்றுவரை ஒரே மேசையில் டீ குடித்ததில்லை. சாக்கடையை என் வாசல் பக்கம் திருப்பிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் போனதில்லை. இவர்களுக்கெல்லாம் முன்னால், முதல் பெயராக, நீ இருந்தாய்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். நான் இயற்பியல் படித்தேன். நீ எதைப் படித்தாய் என்பது உனக்கே நிச்சயமில்லை. சிதம்பரத்தில் அப்போது கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்ததே, அங்கே நம் கேசட்டுக்கு எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று நீ சொன்ன வரிசையைக் கேட்டுக் கடைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மற்றவர்கள் ஒரே படத்துப் பாட்டு, ஒரே நடிகர் பாட்டு என்று கேட்பார்கள். நீ சுருதியைப் பார்த்து அடுக்கினாய். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு எழுந்து நிற்க வேண்டும். சோகப் பாட்டுக்குப் பின்னால் குத்துப் பாட்டு வந்தது, அதன் பின்னால் தாலாட்டு வந்தது. கடைக்காரருக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஆனால் அறையில் போட்டுக் கேட்டபோது ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு மாதிரி ஓடியது. மாடிப்படி இறங்குபவன் கால் தடுக்காமல் இறங்குகிற மாதிரி. அந்த வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை. உன்மேல் எத்தனை கோபம் இருந்த காலத்திலும் அதை மட்டும் நான் இல்லை என்று சொன்னதில்லை.

பிறகு கடலூர் முதுநகரில் நம் மெல்லிசைக் குழு. நீ கீபோர்டு, பாபு பேட், நான் பாட்டு. திருவிழாக் கச்சேரிகளில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வரும். இன்ன பாட்டைப் பாடுங்கள், கேட்பவர்கள் இன்னார், இன்ன தெரு. மைக்கில் தங்கள் பெயரைக் கேட்டதும் கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து விசில் பறக்கும். பெயர் போடாத சீட்டும் எப்போதாவது ஒன்றிரண்டு வரும். நீ சீட்டுக் கட்டைப் புரட்டி அதைத்தான் முதலில் எடுப்பாய்.

"பேர் போட்டவன் அவன் பேரக் கேக்குறதுக்கு எழுதுறான் மச்சான். பேர் போடாதவன்தான் பாட்டக் கேக்குறதுக்கு எழுதுறான்," என்பாய்.

"இதெல்லாம் நல்லாத்தான் பேசுற. பேர் போட்டவன் கல்ல எடுத்து அடிச்சா நீதான் வாங்கிக்கணும்," என்பான் பாபு.

அம்மன் கோயில் திருவிழாவில் அந்த மாலை. எனக்கு நிச்சயமாகியிருந்தது. திட்டக்குடியிலிருந்து பெண் வீட்டார் வேன் வைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பாட்டைப் பாடுவார் என்று அவர்கள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ இரண்டு நாளாகத் தொண்டைக் கட்டு. மேடைக்குப் பின்னால் உன்னிடம் கெஞ்சினேன். நீ மறந்திருக்கலாம். நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"மச்சான், ரெண்டாஞ் சரணம் எட்டாதுடா. அரைக் கட்டை எறக்கிக்க."

"எறக்க மாட்டேன்."

"ஒரு பட்டன்டா. கீபோர்டுல ஒரே ஒரு பட்டன்."

"பட்டன் இருக்குதுன்னு எறக்கிடறதா? பாட்டு அது பொறந்த எடத்துலதான்டா இருக்கணும். எட்டலன்னா நீ பாடாத. வேற ஆளா இல்ல?"

அரைக் கட்டை என்பது என்ன? வெள்ளைக் கட்டையிலிருந்து அதை ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டைக்கு நகர்வது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அது மானம். முன்வரிசையில் பெண் வீட்டாரை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பாடாமல் இருப்பது? பாடினேன். பல்லவி தப்பிப் பிழைத்தது. முதல் சரணமும் தப்பியது. இரண்டாம் சரணத்தில் பாட்டு ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. நீ வலது கையில் வாசித்தபடியே இடது கையை நீட்டி என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு மீதியைப் பாடி முடித்தாய். நன்றாகவே பாடினாய். கைதட்டல் அடங்கியதும், "பாட்டு நின்னுடக் கூடாதுல்ல!" என்று மைக்கிலேயே சொன்னாய். கூட்டம் சிரித்தது. மேடையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நின்றேன்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் திட்டக்குடியில் என் பெயர் அன்றோடு 'பாதிப் பாட்டு மாப்பிள்ளை' ஆகிவிட்டது. இன்றுவரை அந்தப் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் சின்ன மாமனார் விடமாட்டார். "மாப்ள, முழுசா வேணாம், அந்தப் பாதியாவது பாடுங்களேன்," என்பார். பந்தியே சிரிக்கும். அதன் பிறகு நான் பாடவில்லை. மேடையில் மட்டுமல்ல, குளியலறையிலும் பாடவில்லை. என் மகன் தொட்டிலில் அழுதபோதுகூட முதுகைத் தட்டிக்கொடுத்தேனே ஒழிய வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் ஒலி அலைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அதிர்வெண், வீச்சு, அலைநீளம் எல்லாம் கரும்பலகையில் எழுதினேன். பாட்டு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு ஒலியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசமுடியும், மச்சான்.

நீ சிதம்பரத்துக்கே திரும்பி வேலை தேடிக்கொண்டு, குழுவையும் நடத்திக்கொண்டு இருந்தாய். நான் கடலூரில். நடுவே ஒரு மணி நேரப் பஸ் பயணம். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தூரத்தை நான் காப்பாற்றி வைத்திருந்தேன். எனக்கு உன்னிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். தப்பு என்று நீ சொல்லியிருந்தால் போதும். மன்னிப்பு என்ற பெரிய வார்த்தைகூட வேண்டாம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் கலா போன் செய்தாள். உன் மனைவியின் குரலை அதற்கு முன் நான் போனில் கேட்டதே இல்லை.

"அண்ணே, நான் சிதம்பரத்துலேருந்து கலா பேசறேன். அவுருக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறேழு மாசம் ஆவுதுண்ணே. வலது பக்கம் வர்ல. பேச்சு சுத்தமா போயிடுச்சு."

"கேள்விப்பட்டேன்," என்றேன்.

"பேச்சுதான்ணே போச்சு. பாட்டு இருக்குது. நீங்க ஒரு வாட்டி வந்து பாருங்க. ஒரு பாட்டுல மட்டும் நடுவுல நிறுத்திட்டு என்னமோ கேக்குறாரு. எங்களுக்குப் புரியல. பாபு அண்ணன்தான் சொன்னாரு, அது ஒங்களக் கேட்டாத்தான் தெரியும்னு."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க. இத்தினி வருஷமா ஒரு வார்த்தை ஒரு வார்த்தைன்னு சாவுறீங்கல்ல. போய் அவுரு வாயாலயே கேட்டுக்குங்க."

"அவனுக்குத்தான் பேச்சே வராதாமே."

"ஒங்களுக்கு மட்டும் வந்துச்சா?" என்றாள். கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மேல வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தில் உன் வீடு. தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்ததும் உன் முகம் ஒரு பக்கமாக விரிந்தது. "அதான்," என்றாய். "அதான், அதான்." அந்த ஒரு சொல்தான் உன்னிடம் மிச்சம் இருந்தது என்று கலா சொன்னாள். பசித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். அவள் பெயரைக்கூட உன்னால் சொல்ல முடியவில்லை.

உன் மகள் பிரியா போனில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள். நீ பாடினாய்.

இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் என்று சொல்ல முடியாதவன், பெற்ற பெண்ணின் பெயரைத் தேடித் தேடித் தோற்பவன், ஒரு முழுப் பாட்டைப் பல்லவியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு எழுத்து பிசகாமல் பாடினான். நூற்றுக்கணக்கான சொற்கள். எல்லாம் எங்கே இருந்தன? பேச்சு ஒரு வழியில் போகிறது, பாட்டு வேறு வழியில் போகிறது, அந்த வழி அடைபடவில்லை என்று டாக்டர் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்டவனுக்கு அது விளக்கமாகப் படவில்லை. இடிந்து விழுந்த வீட்டுக்குள் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிவதைப் பார்த்த மாதிரி எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாம் வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்செல்லாம் போய்விடுகிறது. சும்மா கேட்டு வைத்த பாட்டு நிற்கிறது. நமக்குள் எது ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை நாம் தீர்மானிப்பதே இல்லை போலிருக்கிறது.

வீட்டார் அதை வைத்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பிரியா போனில் உனக்கென்று பாட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவையை ஒட்டவைத்திருந்தாள். மழைப் பாட்டைத் தொடங்கினால் தண்ணீர். ரயில் பாட்டு என்றால் பாத்ரூம். காலை நேரத்துப் பாட்டு ஒன்று காபிக்கு. அதில்தான் வம்பு. அந்தப் பாட்டு உனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. நான் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே அதை எடுத்தாய். கலா அடுப்படிக்கு ஓடினாள். காபி வந்தது. குடித்தாய். குடித்து முடித்துத் திரும்பவும் அதையே பாடினாய். இன்னொரு காபி வந்தது.

"அப்பா, இது காபிக்கா பாட்டுக்கா?" என்று பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "மாமா, நேத்து மட்டும் அஞ்சு டம்ளர் குடிச்சாரு. அம்மா கேக்கவே மாட்டேங்குது. பாட்டு வந்தா டிகாஷன் போட்டுடுது."

"காபிக்காத்தான் இருந்து நாம குடுக்கலன்னா பாவம்டி," என்றாள் கலா.

நீ சிரித்தாய். டம்ளரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒரு பக்க வாயால், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாய். "அதான், அதான்!"

பிறகு பிரியா அந்தப் பாட்டைப் போட்டாள். பல்லவி பாடினாய். முதல் சரணம் பாடினாய். இரண்டாம் சரணத்தில், பாட்டு ஏறுகிற அந்த இடத்தில், சட்டென்று நிறுத்தினாய். இடது கையைக் குவித்து முன்னால் நீட்டினாய். போன் பாடிக்கொண்டே போயிற்று. உன் கை அப்படியே நின்றது.

"இதான்ணே," என்றாள் கலா. "எப்பவும் இந்த எடத்துலதான். தண்ணி குடுத்தோம், டவல் குடுத்தோம், ரிமோட்டுகூட குடுத்துப் பாத்தோம். எல்லாத்தையும் தள்ளிடறாரு. ஸ்டேஜ்லயும் இந்தப் பாட்ட இவுரு வாசிச்சு நான் பாத்ததில்ல. சீட்டு வந்தாலும் மடிச்சு சட்டைப் பையில போட்டுக்குவாரு. என்ன கேக்குறாருண்ணே?"

அவர்களுக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது. உன் குவிந்த கைக்குள் இல்லாத மைக்கை நான் பார்த்தேன். அன்று என்னிடமிருந்து வாங்கிய அதே கை, அதே வரியில் திருப்பி நீட்டியது. ஆனால் எனக்கு அப்போது வந்தது கனிவு இல்லை, மச்சான். கோபம்தான். முப்பது வருஷம் காத்துக்கொண்டிருந்தவனிடம் ஒரு சொல்லைத் தராமல் இதைத் தருகிறாய். நான் பாட வேண்டுமாம். இன்னொரு முறை உடைந்து காட்ட வேண்டுமாம். "எனக்கும் தெரியலம்மா," என்று கலாவிடம் பொய் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடமில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெரிசலில் நின்றவர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். காய்கறிக் கூடைக்காரர், காலேஜ் பெண், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூடத் தூக்கத்தில் தாளம் போட்டார். யார் யார் எந்தப் பாட்டை எதற்காக உள்ளே வைத்திருக்கிறார்களோ என்று அன்றுதான் முதல் முறையாக நினைத்தேன். நாளைக்கு எனக்கும் பேச்சு போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? பாதிப் பாட்டு. அது மட்டும்தான்.

அடுத்த வாரம் திரும்பவும் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. "அதான்," என்று நீ வரவேற்றாய். பிரியாவிடம் அந்தப் பாட்டைப் போடச் சொன்னேன். பல்லவி, முதல் சரணம், பிறகு உன் கை. நான் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டேன். வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

உடைந்தது. அன்று உடைந்ததைவிட மோசமாக. கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். வாசல் பக்கம் யாரோ எட்டிப் பார்த்தார்கள். கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்கவா அழுகையை அடக்கவா என்று தெரியவில்லை. நான் எழப் போனேன். நீ "அதான்! அதான்!" என்று கத்தினாய். இடது கையால் போனைச் சுட்டி, நிறுத்து என்பது போலக் காட்டினாய். பிரியா பாட்டை நிறுத்தினாள்.

அப்போது நீ உன் இடது கையின் சுட்டுவிரலை மெத்தை விரிப்பின்மேல் வைத்தாய். உடம்புக்குச் சற்று முன்னால், இடது ஓரமாக. கீபோர்டில் சுருதியை இறக்கும் அந்தப் பட்டன் இருக்கும் இடம் அது, எனக்குத் தெரியும். நான் அன்று கெஞ்சிய இடம். ஒரே ஒரு முறை அழுத்தினாய். அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு சரணத்தை முதலிலிருந்து எடுத்தாய், அரைக் கட்டை கீழே.

போன் இல்லை, பெட்டி இல்லை, சுருதி கொடுக்க எதுவுமே இல்லை. மூளையில் பாதி இருட்டு. மகள் பெயர் தெரியாது. அந்த நிலையில் ஒரு மனிதன் ஒரு பாட்டை அப்படியே கையில் எடுத்து, சரியாக அரைக் கட்டை தள்ளி, கீழே வைத்தான். பின்னால் பிரியா பதிந்து கொடுத்ததை வீட்டில் போட்டு, போனில் ஒரு கருவியை இறக்கி அதிர்வெண் பார்த்தேன். என் தொழில் புத்தி அப்படி. நீ வைத்த இடம் மயிரிழை பிசகவில்லை. என்னிடம் எத்தனை படிப்பு இருந்தும் அதற்கு விடை இல்லை. இன்றுவரை இல்லை.

நான் பாடினேன். அப்போதும் முழுசாக எட்டவில்லை. ஏறுகிற இடத்தில் குரல் கொஞ்சம் கிழிந்தது. நீ மைக்கை வாங்கவில்லை. கீழே மெதுவாக, தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி, கூடவே வந்தாய். எந்தத் தப்பான சுருதியைக் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பவன், என் கிழிசலைக் கேட்டுக்கொண்டு முகம் மாறாமல் இருந்தாய். பாட்டு முடிந்தது. அந்த மேடைக்குப் பிறகு அந்தப் பாட்டின் கடைசி வரியை என் வாயால் நான் பாடியது அதுதான் முதல் தடவை.

"இதத்தான் கேட்டாரா?" என்றாள் கலா.

"ஆமாம்மா," என்றேன். "இதத்தான்."

நீ "அதான்" என்றாய். அந்த ஒரு முறை அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தேன். பிரியா அடுக்கிய வரிசை உனக்குப் பிடிக்கவில்லை என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் நீ துள்ளினாய். அவள் பாட்டுகளை எப்படி வந்தாலும் வரட்டும் என்று கலைத்துப் போட்டு விட்டிருந்தாள்.

"அப்பாவுக்குச் சுருதி வரிசையில வேணும்டா கண்ணு. காலேஜ்லயே அப்படித்தான் அடுக்குவான்," என்றேன்.

"மாமா, சுருதி வரிசைன்னு ஆப்ல ஆப்ஷனே இல்லியே!"

"அப்ப கையாலதான் அடுக்கணும்."

நாம் இருவரும் கையால் அடுக்கினோம். ஒவ்வொரு பாட்டின் கடைசி வரியையும் போட்டுக் காட்டுவேன். அடுத்த பாட்டின் தொடக்கத்தைப் போடுவேன். ஒட்டினால் கண்ணை மூடுவாய். ஒட்டாவிட்டால் "அதான்" என்று சீறுவாய். ரயில் பாட்டுக்குப் பின்னால் தாலாட்டு வந்தது. காபிப் பாட்டுக்கு மட்டும் எங்கும் இடம் கிடைக்காமல் பல நாள் அலைந்தது. கடைசியில் அதையே முதலில் வைத்தோம். "தொடங்கும்போதே காபியா, நல்லதுதான், ஒரு டம்ளரோட முடிஞ்சிடும்," என்றாள் கலா. வரிசையின் கடைசியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு நீ என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். அதில் நாம் பாடியதைப் பிரியா அவள் போனிலேயே பதிந்து சேர்த்தாள். அரைக் கட்டை கீழே, கிழிசலோடு, பின்னால் ஆட்டோ ஹாரனோடு.

நீ ஒரு நாளும் தப்பு என்று சொல்லவில்லை. சொல்ல உன்னிடம் சொல் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். பிடிவாதக்காரன் நீ. முதுநகரில் நீ செய்தது தப்பு என்று இந்தக் கடிதத்திலும் நான் எழுதுகிறேன். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள் என்பதற்காக அந்த வரியை அடித்துவிடப்போவதில்லை. ஆனால் அந்த விரல் மெத்தையில் அழுத்தியதை என்ன செய்வது? பாட்டு பிறந்த இடத்திலிருந்து நகரவே கூடாது என்று நின்றவன் நீ. உன்னிடம் எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தது பாட்டு ஒன்றுதான். அதை எனக்காக நகர்த்தினாய். நான் கேட்ட சொல்லைவிட அது பெரிதா சின்னதா என்று எடை போட எனக்குத் தெரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மலைப்புதான் வருகிறது.

போன மாதம் திட்டக்குடியில் ஒரு காதுகுத்து. சின்ன மாமனார் வழக்கம்போலப் பந்தியில் ஆரம்பித்தார். "மாப்ள, அந்தப் பாதியாவது..." நான் இலையை மடித்துவிட்டு முழுசாகப் பாடினேன். எச்சில் கையோடு. அரைக் கட்டை கீழே. என் மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டு வாளியோடு நின்றாள். பாடி முடித்ததும் சின்ன மாமனார் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். பிறகு, "அப்ப இனிமே ஒங்கள என்னன்னு கூப்புடறது?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

இப்போது அந்தப் பாட்டை வேறு யார் பாடினாலும் எனக்கு மேலே நிற்கிறது. இன்று காலை பஸ்ஸில் நின்றது போல. ஊர் உலகம் முழுக்க ஓரிடத்தில் கேட்கிற பாட்டை நான் ஒருவன் வேறிடத்தில் சுமந்துகொண்டு திரிகிறேன். அந்த இடம் நீ எனக்கு ஒதுக்கிக் கொடுத்தது. என் பேச்சு போகிற நாள் வந்தால் வாயில் வரப்போவது அதுதான் என்று நம்புகிறேன். பாதி இல்லை, முழுசு.

திருத்த வேண்டிய விடைத்தாள்கள் ஓரமாகக் கிடக்கின்றன. இதை மடித்து உறையில் போட்டு உன் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். கலா பிரிப்பாள். இரண்டு வரி படித்ததும் யார் என்று தெரிந்துவிடும். பிரியாவைக் கூப்பிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்வாள். இருந்தாலும் அடியில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தபோது உன் கை சீட்டுக் கட்டைப் புரட்டுவது தெரிந்தது. பெயர் போட்டவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் மேலே எடுத்து வைக்கிற கை.

பேனாவை மூடிவிட்டேன். பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன். முதலில் எடு.